பாலம் தாண்டினால் வேறு சட்டம்

ஹேஸன் க்ரீக், நியூ ஜெர்சி
மார்ச் 4

அண்ணன் எல்வுட்டுக்கு,

வெர்னா எழுதுகிறேன். நானும் கொரினும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நினைத்துத்தான் பழைய முகவரிக்கே இதைப் போடுகிறேன். போனில் உன் குரலைக் கேட்க எனக்கு விருப்பமில்லை.

பதினோரு வருஷமாக நான் உனக்கு எழுதவில்லை. இப்போதும் நானாக எழுதவில்லை. கொரினுக்கு ஜூன் பதினான்காம் தேதி கல்யாணம். மாப்பிள்ளை டெரிக், மின்கம்பி வேலை பார்க்கிறவன். எல்லை ஆற்றின் ஓரப் பூங்காவில், எங்கள் கரைப் புல்வெளியில் வைத்திருக்கிறார்கள். ராய்ஸ் போன பிறகு அப்பா இல்லாத பெண்ணின் கையைப் பிடித்து மாப்பிள்ளையிடம் யார் அழைத்துப் போவது என்று பேச்சு வந்தது. அவள் உன் பெயரைச் சொன்னாள்.

சொல்ல வேண்டியதையெல்லாம் நான் சொன்னேன். "அம்மா, அது விபத்து. விசாரிச்சவங்களே அப்படித்தான் எழுதிட்டுப் போனாங்க. மாமா என்ன வேணும்னா சுட்டாரு? அப்பாவுக்கு அவரைவிட நெருக்கமா வேற யாரு இருந்தா?" என்றாள்.

எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன். வருவதும் வராததும் உன் இஷ்டம்.

வெர்னா


கூடர்ஸ்போர்ட், பென்சில்வேனியா
மார்ச் 15

அன்புத் தங்கச்சி வெர்னாவுக்கு,

இங்கே நான் நலம். முழங்கால் மட்டும் மழைக்கு முந்தி எனக்குத் தகவல் சொல்லிவிடுகிறது. நீயும் குழந்தையும் நலம் என்று உன் கையெழுத்தில் படித்தபோது தபால் பெட்டிக்குப் பக்கத்திலேயே பனியில் உட்கார்ந்துவிட்டேன். எதிர் வீட்டுக்காரர் ஓடிவந்து, "என்ன எல்வுட், மாரடைப்பா?" என்று கேட்டார். தங்கச்சி எழுதியிருக்கிறாள் என்றேன். அவருக்குப் புரியவில்லை.

வருகிறேன். தவழ்ந்தாவது வருகிறேன்.

ராய்ஸைப் பற்றி நான் என்ன எழுதினாலும் தப்பாகத்தான் இருக்கும். அந்த நவம்பர் காலை, புதருக்குப் பின்னால் அசைந்தது மான் என்று நினைத்தேன். இந்த ஒரு வரியைத் தவிர என்னிடம் சொல்ல எதுவும் இல்லை. அதற்குப் பிறகு வேட்டைத் துப்பாக்கி எல்லாவற்றையும் கொடுத்துவிட்டேன். காட்டுக்குள் போவதில்லை.

மர ஆலையிலிருந்து ஓய்வு பெற்று நாலு வருஷம் ஆகிறது. படுக்கை வைத்த பழைய வேன் ஒன்று வாங்கி ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கிறேன். போன வருஷம் மேற்கு வர்ஜீனியா, வர்ஜீனியா, டென்னசி. பூங்காக்களில்தான் தங்குவது. ஒரு தடவை இரண்டு பேர் என்னை அடித்துப்போட்டு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போனார்கள். அதிலிருந்து இடுப்பில் ஒரு கைத்துப்பாக்கி, உரிமத்தோடு. இதில் நான் ரொம்பக் கவனம், வெர்னா. எந்த மாநிலம் எங்கள் உரிமத்தை ஒப்புக்கொள்ளும், எது ஒப்புக்கொள்ளாது, எங்கே இடுப்பில் வைக்கலாம், எங்கே குண்டுகளைக் கழற்றிப் பின்பெட்டியில் பூட்ட வேண்டும், எல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். தேசியப் பூங்கா என்றால் அது எந்த மாநிலத்து மண்ணில் இருக்கிறதோ அந்த மாநிலத்துச் சட்டம்தான். எல்லைப் பலகை வந்தால் வண்டியை ஓரங்கட்டி நோட்டைப் பார்த்துவிட்டுத்தான் தாண்டுவேன்.

உங்கள் பக்கம் வந்து பதினோரு வருஷம் ஆகிறது. அங்கே இப்போது எப்படி? நீ நீதிமன்றத்திலேயே வேலை பார்க்கிறவள், உனக்குத் தெரியாததா? ஒரு வரி எழுது.

கொரினுக்கு என் முத்தம்.

எல்வுட்


ஹேஸன் க்ரீக்
ஏப்ரல் 20

அன்புள்ள அண்ணா,

நலம்தானே? முழங்காலுக்குச் சூடான உப்புத் தண்ணீர் ஒத்தடம் கொடு. அம்மாவுக்கு அதுதான் கேட்டது.

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. நீதிமன்றத்தில் ஆள் குறைத்துவிட்டார்கள். மனு வாங்குகிற ஜன்னலிலும் நான்தான், உள்ளே வழக்குத் தாள் தட்டச்சு செய்வதும் நான்தான். மார்ச்சில் எழுதியதில் கொஞ்சம் கடுமையாக இருந்திருப்பேன். மனதில் வைத்துக்கொள்ளாதே.

கொரின் உன் கடிதத்தை மூன்று தடவை படித்தாள். உடை தைத்து வந்துவிட்டது, கழுத்து மட்டும் மாற்ற வேண்டும். விருந்துக்குப் பொரித்த கோழியும் சோளமும், டெரிக்கின் அம்மா செய்கிற உருளைக்கிழங்கு சாலட்டும். நீ சாம்பல் நிறக் கோட்டு போட்டுக்கொண்டால் மற்ற ஆண்களோடு பொருந்தும் என்று அவள் சொல்லச் சொன்னாள்.

நெடுஞ்சாலையில் வராதே, அன்றைக்குக் கூட்டமாக இருக்கும். உங்கள் கரையில் பூங்காவுக்குள் நுழைந்து ஆற்றோரமாகவே வா. பழைய மரப்பலகைப் பாலத்தைத் தாண்டினால் நாங்கள்தான். இந்த வருஷம் கரடி அதிகம். போன வாரம் கூடாரத்துக்குள்ளேயே புகுந்து ஒருவனை விரட்டியிருக்கிறது.

மற்றபடி எல்லாம் சுகம்.

வெர்னா


கூடர்ஸ்போர்ட்
மே 2

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதம் வந்த அன்றிலிருந்து முழங்கால் வலி பாதி போய்விட்டது. ஒத்தடமா கடிதமா என்று தெரியவில்லை. நீ ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? இரண்டு ஆள் வேலையை ஒரு ஆளாகப் பார்த்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

சாம்பல் கோட்டு வாங்கிவிட்டேன். கடைப்பெண் என்னிடம், "கல்யாணமா, சாவா?" என்று கேட்டாள். கல்யாணம், பொண்ணை நான்தான் கூட்டிட்டுப் போகணும் என்றேன். பெருமையாக இருந்தது. அப்புறம் வண்டிக்கு வந்து கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

நடந்து பழகுகிறேன், சிரிக்காதே. வீட்டு வாசலிலிருந்து சாலை வரைக்கும், இடது கையை மடக்கிக்கொண்டு, மெதுவாக.

நான் கேட்ட ஒன்றுக்கு நீ பதில் எழுதவில்லை. கைத்துப்பாக்கி விஷயம். மறந்திருப்பாய். வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொன்னாலும் வருவேன், பூட்டி எடுத்துவரச் சொன்னாலும் அப்படியே. நீ சொல்வதுதான்.

எல்வுட்


ஹேஸன் க்ரீக்
மே 12

அன்புள்ள அண்ணா,

நலம். உன் நலமும் அப்படியே என்று நம்புகிறேன். வேளைக்குச் சாப்பிடுகிறேன்.

நீ கேட்டதற்கு: ஆற்றுக்கு இரண்டு பக்கமும் ஒரே பூங்காதான், ஒரே காவலர்கள்தான். நீ எப்போதும் எப்படி வருவாயோ அப்படியே வா. தனியாக வருகிற ஆள், வெறும் இடுப்போடு வராதே. கரடி என்று முன்பே எழுதியிருந்தேன்.

பாலத்தை எத்தனை மணிக்குத் தாண்டுவாய் என்று எழுது. வேன் என்ன நிறம், எண் என்ன? டெரிக்கின் தம்பியை எதிரில் அனுப்புகிறேன், வழி தெரியாமல் சுற்றாமல் இருக்கலாம். கல்யாணம் பதினொரு மணிக்கு.

கொரின் உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

வெர்னா


மாவட்டச் சிறை, நியூ ஜெர்சி
ஜூன் 17

அன்புத் தங்கச்சி வெர்னாவுக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், நீங்கள் இரண்டு பேரும் பயந்துபோயிருப்பீர்கள். இங்கே சாப்பாடு கிடைக்கிறது. முழங்காலுக்கு மாத்திரையும் கொடுக்கிறார்கள்.

ஒன்பதே முக்காலுக்குப் பாலத்தைத் தாண்டினேன், உனக்கு எழுதின அதே நேரம். நூறு அடி வந்திருக்க மாட்டேன், பூங்காக் காவலரின் வண்டி குறுக்கே நின்றது. பின்னால் மாநிலப் போலீஸ் வண்டி ஒன்று. காவலர் சின்ன வயசுக்காரர், மரியாதையாகத்தான் பேசினார்.

"கையை வெளியில வைங்க ஐயா. ஆயுதம் ஏதாவது இருக்கா?"

"இருக்கு. வலது இடுப்புல. உரிமம் சட்டைப் பையில."

எடுத்துப் பார்த்தார். "இது பென்சில்வேனியா உரிமம் பெரியவரே. பாலத்தோட அது செத்துப்போச்சு. இங்க இது கைது பண்ற குற்றம். குண்டு போட்டிருக்கா?"

போட்டிருக்கிறது என்றேன். மருமகள் கல்யாணம், அரை மணி நேரம் விடுங்கள், நடந்து முடித்துவிட்டு நானே வந்து கையை நீட்டுகிறேன் என்று கேட்டுப் பார்த்தேன். அவர் கோட்டைப் பார்த்தார், அப்புறம் கூட வந்தவரைப் பார்த்தார். முடியாது என்றார். கைவிலங்கு போடும்போது கோட்டின் கை கசங்காமல் மேலே தள்ளிவிட்டுப் போட்டார்.

திங்கட்கிழமை நீதிபதியிடம் கொண்டுபோனார்கள். பழைய குற்றம் எதுவும் இல்லாத ஆள், வெளியே விட்டுவிடுவார்கள் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். ஆனால் ராய்ஸின் சாவு விசாரணைத் தாள் ஒன்று, பதினோரு வருஷத்துக்கு முந்தியது, அரசு வழக்கறிஞர் கையில் இருந்தது. யாரோ தபாலில் அனுப்பியிருக்கிறார்கள். இந்த ஆளால் ஏற்கெனவே ஓர் உயிர் போயிருக்கிறது, வெளியே விட முடியாது என்று நீதிபதி உள்ளே அனுப்பிவிட்டார்.

கல்யாணம் நல்லபடி நடந்ததா? யார் நடந்தார்கள்? நான் வந்துகொண்டிருந்தேன் என்று கொரினிடம் சொன்னாயா? அதை மட்டும் எழுது.

எல்வுட்


ஹேஸன் க்ரீக்
ஜூலை 29

அன்புள்ள அண்ணா,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நாங்கள் எல்லோரும் நலம்.

கல்யாணம் ரொம்ப அழகாக நடந்தது. முந்தின நாள் மழை பெய்து அன்றைக்கு வெயில் அடித்தது. பதினொன்றே காலுக்கு மேல் காத்திருக்க முடியாது என்று பாதிரியார் சொன்னதும் நானே அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். நாங்கள் இரண்டு பேருமாக நடந்தோம். நன்றாக இருந்தது என்று எல்லோரும் சொன்னார்கள். உருளைக்கிழங்கு சாலட் மிஞ்சிவிட்டது.

அவர்கள் ஓரிகன் மாநிலத்துக்குப் போய்விட்டார்கள். டெரிக்குக்கு அங்கே வேலை.

உன்னை வந்து பார்க்க எனக்கு விடுப்புக் கிடைக்காது. நீதிமன்றத்தில் வேலை பார்க்கிறவள் சிறையில் போய் நிற்பதும் நன்றாக இருக்காது. வெயில் கடுமையாக இருக்கிறது, தண்ணீர் நிறையக் குடி.

வெர்னா


மாவட்டச் சிறை
ஆகஸ்ட் 10

அன்புத் தங்கச்சிக்கு,

இங்கே நலம். இரண்டு தடவை மூச்சு வாங்கியது, மருத்துவர் பார்த்தார், வயசு என்றார். நீ வெயிலில் அலையாதே.

மழை விட்டு வெயில் அடித்தது என்று எழுதியிருந்தாய். இங்கே ஜன்னல் மேலே இருக்கிறது, வெளிச்சம் தெரியும், வானம் தெரியாது. அன்றைக்கு அங்கே வெயில் இருந்தது என்று தெரிந்துகொண்டதில் சந்தோஷம்.

எனக்காக அரசு வைத்திருக்கிற வக்கீல் மிஸ் பெட்டிட் என்று ஒரு பெண். கெட்டிக்காரி. தெரியாமல் எல்லை தாண்டி வந்த வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வருஷத்தோடு முடிக்க வழி உண்டாம். நான் முன்கூட்டி விசாரித்தேன், இங்கிருக்கிற ஒருவர் அப்படியே வரச் சொன்னார் என்று அந்த ஒருவர் இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். இல்லையென்றால் சட்டப்படி மூன்றரை வருஷம் முடியும் வரை வெளியே விடுவதைப் பற்றிப் பேச்சே கிடையாது.

அவள் உன் ஜன்னலுக்கு வந்திருந்தாளாம். நீ, "கடிதமா? எனக்கு ஞாபகம் இல்லையே" என்றாயாம். பக்கத்தில் ஆட்கள் இருந்திருப்பார்கள், சங்கடமாக இருந்திருக்கும். வீட்டில் உட்கார்ந்து நிதானமாக யோசித்துப் பார்.

இன்னொன்றும் சொன்னாள். அன்று காலை ஒன்பது மணிக்கு ஒரு பெண் பூங்கா அலுவலகத்துக்குப் போன் செய்து என் வண்டியின் நிறம், எண், பாலம் தாண்டும் நேரம் எல்லாம் சொல்லியிருக்கிறாள். பெயர் சொல்லவில்லை. யார் என்று நான் கேட்கவில்லை, உன்னையும் கேட்கவில்லை.

கொரினின் முகவரியை அனுப்பு. நான் வந்துகொண்டிருந்தேன் என்று அவளுக்குத் தெரியுமா, தெரியாதா? போன தடவையும் கேட்டிருந்தேன்.

எல்வுட்


ஹேஸன் க்ரீக்
செப்டம்பர் 22

அண்ணா,

உடம்பு எப்படி இருக்கிறது? எனக்கு ஒரு வாரம் சளி, இப்போது தேவலை.

யோசித்துப் பார்த்தேன். அப்படி ஒரு கடிதம் எழுதியதாக எனக்கு ஞாபகம் இல்லை. இல்லாததை இருக்கிறது என்று கையெழுத்துப் போட முடியாது. என் வேலை அப்படி.

கொரின் உனக்கு எழுதியதை இதோடு வைத்திருக்கிறேன். கல்யாணத்துக்கு மறுநாள் எழுதி, உன்னிடம் சேர்க்கச் சொல்லி என்னிடம் கொடுத்தது. இத்தனை நாள் மேசையிலேயே இருந்துவிட்டது.

வெர்னா

[உள்ளே, கொரினின் கடிதம்]

எல்வுட் மாமாவுக்கு,

நீங்கள் காலையில் போன் பண்ணி, வர மனசு ஒப்பவில்லை என்று சொல்லிவிட்டதாக அம்மா சொன்னாள். அதற்குப் பிறகும் நான் இருபது நிமிஷம் சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு புல்லில் நின்றேன். எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அம்மாவோடு உங்களுக்காக எவ்வளவு சண்டை போட்டேன் தெரியுமா? அப்பாவைச் சுட்டதற்காக நான் உங்களை ஒரு நாளும் வெறுத்ததில்லை. இதற்காக வெறுக்கிறேன். எழுத வேண்டாம், எழுதினாலும் பிரிக்க மாட்டேன்.

கொரின்


மாநிலச் சிறை, நியூ ஜெர்சி
நவம்பர் 3

வெர்னாவுக்கு,

சளி முழுக்க விட்டதா? குளிர் வருகிறது, கழுத்தை மூடிக்கொண்டு போ.

தீர்ப்பு வந்துவிட்டது. ஐந்து வருஷம், அதில் மூன்றரை கட்டாயம். மேலே எழுதியிருக்கிற இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். எனக்கு அறுபத்தாறு.

நீ எழுதின மே மாதக் கடிதம் என்னிடம் இருக்கிறது. கைதானபோது கோட்டின் உள்பையில் இருந்தது, இங்கே என் சாமான் பையில் போட்டுக் கட்டி வைத்திருக்கிறார்கள். மிஸ் பெட்டிட் அதைப் பார்த்தாள். கல்யாணக் கடிதம், வழக்குக்குச் சம்பந்தம் இல்லை, தொடாதே என்றேன். படித்திருப்பாள் என்று நினைக்கிறேன். "உங்களுக்குப் பைத்தியமா எல்வுட்? இந்த ஒரு தாள் போதும்" என்றாள். அதைக் கொடுத்தால் நீ அந்த ஜன்னலில் ஒரு நாள்கூட உட்கார முடியாது. அதனால் கொடுக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பாலத்துக்கு அந்தப் பக்கம் என்ன சட்டம் என்று எனக்குத் தெரியும். உரிமத்துக்காகப் படித்த வகுப்பில் முதல் நாளே சொன்னார்கள், என் நோட்டில் நாலாவது பக்கத்தில் இருக்கிறது. மார்ச்சில் உன்னிடம் கேட்டது சும்மா பேச்சுக்கு, உனக்கு எழுத ஒரு விஷயம் வேண்டும் என்று. நீ பதில் சொல்லாதபோது மறுபடி கேட்டேன். வண்டி எண்ணை நீ கேட்டாய் பார், அப்போது எனக்குப் புரிந்துவிட்டது.

எங்கள் கரையில், பாலத்துக்கு முன்னால் அரை மணி நேரம் வண்டியை நிறுத்தியிருந்தேன். பூட்டுப் பெட்டி பின்னால்தான் இருந்தது. குண்டுகளைக் கழற்றிப் பூட்டிவிட்டு வந்திருக்கலாம். ராய்ஸுக்காக யாரும் எனக்குத் தண்டனை கொடுக்கவில்லை. தங்கச்சி கொடுக்க நினைக்கிறாள், வாங்கிக்கொள்வோம் என்று அப்படியே தாண்டினேன். ஆனால் கொரினோடு நடந்து முடித்த பிறகுதான் பிடிப்பார்கள் என்று நினைத்தேன், வெர்னா. நடக்கவிடுவாய் என்று நினைத்தேன்.

மூன்றரை வருஷத்தை நான் இருந்துவிடுகிறேன். நான் வந்தேன் என்று மட்டும் கொரினிடம் சொல். வேறு எதையும் சொல்ல வேண்டாம், உன்னைப் பற்றி ஒன்றும் வேண்டாம். வந்தேன், வழியில் நிறுத்திவிட்டார்கள், அவ்வளவு போதும்.

எல்வுட்


ஹேஸன் க்ரீக்
டிசம்பர் 1

எல்வுட்டுக்கு,

நலம்.

யார் என்று நீ கேட்கவில்லை, நானே எழுதுகிறேன். போன் செய்தது நான்தான். விசாரணைத் தாளை அனுப்பியதும் நான்தான். பதினோரு வருஷமாக அது என் அலமாரியில் இருந்தது.

மார்ச்சில் உன் கடிதத்தைப் படிக்கும் வரை எனக்கு அப்படி எந்த எண்ணமும் இல்லை. நீ வருவாய், நடப்பாய், சாப்பிடுவாய், போய்விடுவாய், ஒரு நாள்தானே, பல்லைக் கடித்துக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன். நீ என்ன எழுதினாய்? ராய்ஸைப் பற்றி ஒரு வரி. அதற்குக் கீழே, எந்த மாநிலத்தில் எதை இடுப்பில் வைக்கலாம் என்று ஒரு முழுப் பத்தி. என் புருஷனைக் கொன்ற கையில் இன்னும் ஒன்று இருக்கிறது, அது எங்கெங்கே போகலாம் என்று நோட்டு போட்டுப் படித்து வைத்திருக்கிறது. ரொம்பக் கவனமாம். அந்த நவம்பரில் எங்கே போயிற்று உன் கவனம்?

தெரிந்தேதான் வந்தேன் என்கிறாய். என்னிடமிருந்து அதையும் எடுத்துக்கொள்ளப் பார்க்கிறாய். நீயாக மனசு வைத்துக் கொடுத்ததாக இருக்க வேண்டும், நான் எடுத்ததாக இருக்கக் கூடாது, அப்படித்தானே? அந்தக் கடிதத்தை யாரிடம் வேண்டுமானாலும் கொடு. உன் தயவில் நான் அந்த ஜன்னலில் உட்கார்ந்திருக்க வேண்டாம்.

சிறை என் நோக்கம் இல்லை. அது உன் துப்பாக்கியோடு வந்தது. நான் நிறுத்த நினைத்தது அந்த நடையைத்தான். ராய்ஸ் நடந்திருக்க வேண்டிய இடத்தில், ராய்ஸின் பெண் கையைப் பிடித்துக்கொண்டு, சாம்பல் கோட்டோடு நீ நடந்து வர நான் முன்வரிசையில் உட்கார்ந்து பார்க்க வேண்டுமா?

கொரினிடம் சொல்ல மாட்டேன். அவள் உன்னை மன்னித்திருந்தாள். அது எனக்குப் பொறுக்கவில்லை. இப்போது நாங்கள் இரண்டு பேரும் ஒரே பக்கம் இருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பேசுகிறாள்.

சிறையிலிருந்து ஒரு படிவம் வந்தது. உனக்கு ஏதாவது ஆனால் தகவல் சொல்ல வேண்டிய நெருங்கிய உறவு என்று என் பெயரைக் கொடுத்திருக்கிறாயாம், சம்மதமா என்று கேட்டிருந்தார்கள். சம்மதம் என்று கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். ஆகவே உன் காய்ச்சல், மூச்சிரைப்பு எல்லாம் இனி எனக்குத்தான் முதலில் வரும்.

மாத்திரையை வேளைக்குப் போடு. குளிரில் வெறும் தரையில் படுக்காதே. உடம்பைப் பார்த்துக்கொள், அண்ணா. மூன்றரை வருஷத்தில் ஒரு நாள் குறைந்தாலும் எனக்குத் தெரிந்துவிடும்.

வெர்னா